ஒருத்தி போதும் என்ற மகளுக்கு

நீ டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போன பைண்டிங் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டேன். கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்தில் படத்தின் தலைப்பு, அதற்குக் கீழே 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று ஒரு வரி, அதற்கும் கீழே உன் பெயர். நடுவில் தயாரிப்பாளர் ஆபீசில் கொடுத்த பேப்பரைச் செருகி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தாய். எனக்கு இடம் தெரியாமல் போய்விடுமோ என்ற அக்கறை. "படிச்சிட்டு ஒரு சைன் போட்டு வைம்மா, புதன்கிழமை வந்து வாங்கிக்கறேன். வெள்ளிக்கிழமை ஹீரோயினுக்குக் கதை சொல்லணும், அதுக்குள்ள பேப்பர் இல்லன்னா வேற கதைக்குப் போயிடுவாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு ஓடினாய். என் வாழ்க்கையைப் படமாக எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அந்தப் பேப்பரில் அச்சடித்திருக்கிறது. எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. போனிலேயே முழுக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு வேறு கால் வந்துவிடும். காகிதத்தில் இருந்தால்தான் உனக்கு எதுவும் மண்டையில் ஏறும். மூன்று வருஷமாகப் பார்க்கிறேனே. அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து "திரைக்கதை கத்துக்கப் போறேன்" என்று நீ சொன்னபோது, யாராவது இயக்குநரிடம் உதவியாளராகச் சேரப் போகிறாய் என்று நினைத்தேன். நீ போய்ச் சேர்ந்தது குமணன்சாவடி ஜெராக்ஸ் கடையில். கண்காணாத தேசத்துக்காரர்கள் எழுதிய திரைக்கதைகளையெல்லாம் இறக்கி, பிரின்ட் போட்டு, ஸ்பைரல் மாட்டி, பட்டாபிராம் வரைக்கும் சுமந்து வந்தாய். அரிசி டப்பா இருந்த அலமாரியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அரிசியைத் தரையில் இறக்கி வைத்தேன். "இதையெல்லாம் படிச்சா போதும்மா, யார் வாசல்லயும் போய் நிக்க வேணாம்" என்றாய். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நீ படித்த விதத்தைப் பார்த்தபோது அந்தப் பெருமை போய்விட்டது. ஒரு கதையைப் படிப்பவள் சிரிப்பாள், அழுவாள், குறைந்தபட்சம் மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப் போவாள். நீ ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாய். எந்தப் பக்கத்தில் அடி விழுகிறது, எந்தப் பக்கத்தில் ஆள் சாகிறான் என்று ஓரத்தில் எண் எழுதினாய். மீன் வாங்கி வந்து முள்ளை மட்டும் எண்ணிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பிறகு வளசரவாக்கத்தில் ஒரு மேதாவியிடம் இரண்டு நாள் வகுப்புக்குப் போனாய். மதியச் சாப்பாடு உண்டு, சர்டிபிகேட் உண்டு. அந்த ஆள் எழுதின படம் எது என்று கேட்டேன், "அவர் எழுத மாட்டாரும்மா, சொல்லித் தருவாரு" என்றாய். அந்த மகான் சொன்னார் என்று நம் ஹால் சுவர் முழுக்கக் கலர் சீட்டு ஒட்டினாய். மஞ்சள் சீட்டு கதாநாயகிக்கு, ரோஸ் சீட்டு அவளுக்கு வரும் தடைகளுக்கு. 'அப்பா இறக்கிறார்' என்று எழுதின ரோஸ் சீட்டு சோபாவுக்கு நேர் மேலே இருந்தது. உன் அப்பா அதற்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் செய்தி பார்த்தார். அவருடைய தங்கை ஒருநாள் வந்து அதைப் படித்துவிட்டு, காபியைக்கூடக் குடிக்காமல், அண்ணனுக்கு ஏதாவது டெஸ்ட் எடுத்தீர்களா என்று என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கேட்டாள். உன் அப்பாவுக்கு அதிலும் வருத்தமில்லை. "எத்தனையாவது பக்கத்துல சாவறேன்?" என்று உன்னிடம் ஆசையாகக் கேட்டார். அந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பதை எந்தத் திரைக்கதையிலும் நீ எழுதவில்லை.

நானும் உன் அலமாரித் திரைக்கதைகளைப் படித்தேன். உனக்குத் தெரியாது. ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம், உன் அலமாரியிலிருந்து தினம் ஒன்றை உருவி, காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பெண்ணுக்கு என்னதான் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். என் இங்கிலீஷுக்குப் புரியாத இடத்தில் போனை வைத்துத் தமிழாக்கிப் பார்த்தேன். 'உள்ளே, வீடு, பகல்.' 'வெளியே, தெரு, இரவு.' பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு எழுத்து. முக்கால்வாசி குப்பை. ஒன்று மட்டும் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த இரண்டு பேரைப் பற்றியது. அதில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சாவி கொடுக்க வருகிறாள். நின்று, தன் புருஷனுக்கு அந்தக் கலர் பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். மறுபடி வருவதே இல்லை. கதைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அவள் போன பிறகு அந்த வீடு எனக்கு நிஜமாகிவிட்டது. பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியவள் கொரட்டூர் போய் இறங்கினேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அவளைப் பற்றி உன்னிடம் கேட்டேன். "அது வேஸ்ட் கேரக்டர்மா. இப்ப எழுதினா முதல்ல அவளத்தான் வெட்டுவாங்க" என்றாய், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போவதற்கு முந்தின நாள், எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாய். இத்தனை படித்து, இத்தனை எழுதி, கடைசியில் அந்தப் புத்தகத்தை அங்கே யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், வாயால்தான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் அந்த அலமாரியில் ஒரு புத்தகமும் இல்லை. நீ கையை விரித்து, "அப்படியே கேமரா மேல போகுது" என்று மோட்டுவளையைக் காட்டி, வாயாலேயே மேளமும் வயலினும் அடித்தாய். உன் அப்பா அழுதார். அவர் சோப்பு விளம்பரத்துக்கே அழுகிறவர். ஒரு பெண் வேலைக்குச் சேருகிற வரைக்கும் சொல்லிவிட்டு, "மிச்சம் சஸ்பென்ஸ், எழுதினத படிச்சுக்கோ" என்று நிறுத்திவிட்டாய். என் வாழ்க்கையில் எனக்கே சஸ்பென்ஸ் வைத்த முதல் ஆள் நீதான். மறுநாள் அந்தத் தயாரிப்பாளர் முறுக்கு தின்றுகொண்டே கேட்டுவிட்டு, இடைவேளை சீனில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார் என்று குதித்துக்கொண்டு வந்தாய். எந்த சீன் என்று கேட்டேன். "டோக்கன் சீன்" என்றாய். அன்றைக்கு எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. என்கூட வேலை பார்த்த பரிமளாவுக்குக் கடைசியில் ஒரு நியாயம் கிடைக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு கேசரி கிண்டினேன்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். உன் கதாநாயகியின் பெயர் கனல்மொழி. எங்கள் ஸ்விட்ச் கம்பெனி லைனில் அப்படி ஒருத்தி இருந்திருந்தால், அட்டென்டன்ஸ் எடுக்கும்போதே சிரித்துச் செத்திருப்போம். அவள் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து கம்பெனிக்குள் வருகிறாள், காற்றடிக்கிறது. அந்த முடியோடு மெஷின் பக்கம் போயிருந்தால் உன் படம் முதல் ரீலிலேயே முடிந்திருக்கும். சூப்பர்வைசருக்கு மீசையும் தங்கச் சங்கிலியும் கொடுத்து, பெண்களை அடிக்கக் கை ஓங்க வைத்திருக்கிறாய். எங்கள் சூப்பர்வைசர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி எங்களுக்கெல்லாம் சுண்டல் கொடுப்பார். அந்தச் சாந்தமான மனிதர்தான் ஆணியில் டோக்கனை மாட்டி வைத்தார். கெட்டவன் என்றால் கத்துவான் என்று எந்த ஊர்க்காரன் உனக்கு எழுதிக் கொடுத்தான்?

ஒரே ஒரு இடம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்கால ரயிலில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டே வருகிறார்கள். ஒருத்தி இறங்கும்போது ஆய்ந்ததைத் தான் எடுத்துக்கொண்டு, தண்டையெல்லாம் அடுத்தவள் பையில் தள்ளிவிடுகிறாள். அரைப் பக்கம்தான். அதை நீ எந்தத் திரைக்கதையிலிருந்தும் எடுக்கவில்லை. சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். உனக்குக் கண் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மிச்சத்தைப் படிக்கும்போது இவ்வளவு எரிச்சல் வந்தது.

நடந்தது உனக்குத் தெரியும். தூங்க வைக்கும்போது ராஜா ராணி கதைக்குப் பதிலாக அதைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன், நீதான் அச்சில் பார்த்தால் நம்புகிறவளாயிற்றே. எங்கள் லைனில் அத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு டோக்கன். சிவப்பு பிளாஸ்டிக் வில்லை, நடுவில் ஓட்டை. பாத்ரூம் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், திரும்பி வந்து ஆணியில் மாட்ட வேண்டும். ஆணியில் டோக்கன் இல்லையென்றால் அடக்கிக்கொண்டு வேலையைப் பார். நீ அப்போது என் வயிற்றில் ஏழு மாசம். தலை கீழே இறங்கிவிட்டதோ என்னவோ, அரை மணிக்கு ஒரு தரம் முட்டும். அன்றைக்கு நான் ஆணியைப் பார்த்தேன், காலியாக இருந்தது. மறுபடி பார்த்தேன், காலியாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை பார்ப்பதற்குள் கால் வழியாக இறங்கி, புடவை நனைந்து, தரையெல்லாம் ஓடிவிட்டது. கையில் இருந்த ஸ்விட்சைக்கூட நான் கீழே வைக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "பரவால்லம்மா, யாராச்சும் வேஸ்ட் காட்டன் எடுத்துட்டு வாங்க, தொடச்சிடலாம்" என்றார், சுண்டல் கொடுக்கிற அதே குரலில்.

எனக்கு எதிர் ஸ்டூலில் இருந்தவள் பரிமளா. நூம்பல்காரி. அவளுடைய அம்மா அப்பா இருவரும் வேலப்பன்சாவடிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் மாசச் சம்பளம் வாங்கியவள் அவள்தான். அவள் எழுந்து வந்து என் காலைத் துடைத்துவிட்டாள். டோக்கன் போட்டுக்கொண்டு போனவள் திரும்பி வந்ததும், அவள் கழுத்திலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் திறந்தே விட்டுவிட்டாள், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "சார், இன்னிக்கு ஒரு நாளு இது உங்கைல இர்க்கட்டும். நீங்க பாத்ரூம் போவசொல்லோ இத்த மாட்டிகினு போங்க. வேற யார்னா எட்துகினு பூட்டாங்கன்னா, அவங்க வர்ற வரிக்கும் நில்லுங்க. எப்டி கீதுன்னு நாளிக்கு வந்து கேக்கறேன்" என்றாள். கத்தவில்லை. அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஸ்விட்சுக்கு மூடி பொருத்த ஆரம்பித்தாள். மறுநாள் காலை ஆணியில் டோக்கன் இல்லை, அதற்குப் பிறகு எப்போதும் இல்லை. வேலைக்கு வந்ததும் நேரம் குத்துகிற கார்டு ராக்கில் பரிமளாவின் கார்டும் இல்லை.

நாங்கள் ஸ்டிரைக் பண்ணவில்லை. உன் புத்தகத்தில் இருக்கிற மாதிரிப் பறை முழங்க கேட்டை உடைக்கவில்லை. யாரும் வாயே திறக்கவில்லை, நானும்தான். அவள் டோக்கனைக் கொண்டுபோய் வைத்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் "நானும் வந்து பேசறேன் பரிமளா" என்று சொன்னதற்கு அவள், "வவுத்துல புள்ளய வச்சிகினு இன்னா பேசுவ? மூடிகினு வூட்டுக்குப் போ" என்றாள். போனேன். பிரசவத்துக்குப் பிறகு அதே கம்பெனிக்குத் திரும்பினேன், லைன் இன்ஸ்பெக்டர் ஆனேன், சால்வையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு ரிட்டயர் ஆனேன். அவள் ஆஸ்பத்திரியில் தரை கழுவப் போனாள், இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

இதை நீ என்ன செய்தாய்? கனல்மொழி பிள்ளைத்தாய்ச்சி. கனல்மொழிக்குப் புடவை நனைகிறது. கனல்மொழியே கண்ணைத் துடைத்துக்கொண்டு டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். பரிமளா சொன்னதை வார்த்தை பிசகாமல் சொல்கிறாள், அதற்குப் பின்னால் மானம், வியர்வை, தீ என்று ஒரு பக்கம் பிரசங்கம் வேறு. வெளியே மின்னல் வெட்டுகிறது, இடைவேளை. பிறகு அவள் தலைவியாகி, கடைசியில் அதே மேனேஜர் கையால் மாலை வாங்குகிறாள். பைண்டிங்கில் பக்கம் ஏதாவது விட்டுப் போயிருக்கும் என்று நினைத்து நான் முதலிலிருந்து மறுபடி புரட்டினேன். பரிமளா எங்கும் இல்லை. உனக்குப் போன் செய்தேன். "அம்மா, ரெண்டு பேரும் ஒரே மாதிரிம்மா. ஒரே லைன், ஒரே கஷ்டம். ஆடியன்ஸ் குழம்பிடுவாங்க. அழறது ஒருத்தி, பேசறது இன்னொருத்தின்னா எந்த ஹீரோயின் நடிப்பா? அதான் ஒண்ணாக்கிட்டேன். நான் படிச்ச எல்லா ஸ்கிரிப்ட்லயும் இப்படித்தான் பண்ணியிருக்காங்க. கதைக்கு ஒருத்தி போதும்" என்றாய். உடனே உனக்கு வேறு கால் வந்துவிட்டது.

ஒரே மாதிரியாம். ஒருத்திக்கு வேலை போயிற்று, ஒருத்திக்கு இருந்தது. இந்த வித்தியாசம் தெரியாமலா மூன்று வருஷம் அடிக்கோடு போட்டாய்? உன் கனல்மொழிக்குத் தன் புடவை நனைந்தது, அதனால் கோபம் வந்தது. யாருக்குத்தான் வராது? தன் காலை மிதித்தால் எலிகூடக் கத்தும். பரிமளாவுக்குப் புடவை நனையவில்லை. அவள் பாட்டுக்கு ஸ்விட்ச் மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு அவளுக்கும் ஒரு சால்வையும் கடிகாரமும் கிடைத்திருக்கும். அடுத்தவளுக்கு நனைந்ததற்காக எழுந்தாள் பார், அது ஒன்றுதான் அன்றைக்கு அங்கே நடந்தது. மிச்சமெல்லாம் தினமும் நடப்பது. அந்த ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு, நனைந்த புடவையை மட்டும் எடுத்து எனக்குக் கட்டிவிட்டு, அதற்கு மாலையும் போட்டிருக்கிறாய். எனக்குச் செய்த மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருப்பாய். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் உனக்கு யார் என்பதும் மறந்துவிட்டதா? நான் செகண்ட் ஷிஃப்ட் போன நாளெல்லாம் நீ நூம்பலில்தான் தூங்கினாய். பெரிம்மா, பெரிம்மா என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாய். உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு, உன்னை விட அதிகமாகக் கத்தியவள் அவள். உன் வசனத்தில் மண் மணக்கிறது என்று அந்த வளசரவாக்கத்து மேதை பாராட்டினாரே, அது எந்த மண் என்று சொன்னாயா? பேச்சு அவளுடையது, கோபம் அவளுடையது. ஆள் மட்டும் வேண்டாம். ஒரு பெண்ணைக் கதையிலிருந்து நீக்குவதற்கு உனக்கு ஒரு காரணம் போதுமானதாக இருந்தது, அதுவும் உன் சொந்தக் காரணம்கூட இல்லை. யாரோ எழுதினதைப் படித்துக் கற்றுக்கொண்டது.

கோபம் அடங்காமல் ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூம்பலுக்குப் போனேன். ஆவடி போய்ப் பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அவள் வீட்டைச் சுற்றிலும் அடுக்குமாடி எழும்பிவிட்டது, அவள் வாசலுக்கு வெயில் வருவது நின்றுவிட்டது. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாமே, ஞாயித்துக்கெயம அதுவுமா பொஸ்தகத்த தூக்கினு வந்துகீற?" என்றாள். "பாப்பா எழுதின கதை, கேளு" என்று எதிரில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். என்னை மாதிரியே அவளுக்கும் கோபம் வரும், இருவரும் சேர்ந்து உன்னைத் திட்டலாம் என்று எண்ணித்தான் போனேன். தலைமுடி சீனில் "ஐய, மிசின்ல மாட்டிக்காது?" என்று சிரித்தாள். கனல்மொழி என்ற பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிச் சிரித்தாள்.

டோக்கன் சீன் வந்தது. மேனேஜரிடம் பேசுகிற இடத்தைப் படித்தபோது அவள் கை நின்றுவிட்டது. நான் படிக்கப் படிக்க அவளும் உதட்டை அசைத்தாள். "இது நா சொன்னதுதான?" என்றாள். ஆமாம் என்றேன். "பாப்பா எப்டி ஞாபகம் வச்சிகினு கீது பாரேன்!" என்று அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பிறகு, "சொல்றது யாரு?" என்றாள். "கனல்மொழி. நான்." "அப்ப நா எங்க கீறேன்?" "நீ இல்ல." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மூன்று மீனை ஆய்ந்து போட்டாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அப்பால அவளுக்கு வேல போவுதா?" "போவல" என்றேன். "மெய்யாலுமா?" "லீடர் ஆவறா. கடைசில மேனேஜரே மாலை போடறாரு." "படத்துலயாச்சும் போவாம இர்க்கட்டுமே" என்றாள்.

புத்தகத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தேன். "கையெய்த்து போட்டு குட்துடு. நா இல்லாங்காட்டி இன்னா, நா சொன்னது கீதுல்ல. பாப்பா பொயப்ப கெடுக்காத" என்றாள். நான் அவளையும் திட்டினேன். உனக்கு ரோஷமே கிடையாதா, அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அன்னிக்கு உனுக்கு ஆச்சு, அதான் வந்துச்சு. இது எனுக்குத்தான" என்று சொல்லிவிட்டு மீனை அலசப் போய்விட்டாள். திரும்பி வரும்போது குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் டோக்கனை நினைத்து நான் அழுததில்லை. அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காக நான் கையெழுத்துப் போட்டால், அன்றைக்கு அவளுக்கு நடந்ததையே இரண்டாம் முறை நடத்திக் கொடுக்கிற மாதிரி. இந்த முறை என் வயிற்றில் பிள்ளையும் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு.

உனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பேப்பர் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமை இல்லையென்றால் மூன்று வருஷம் தண்ணீரில் போய்விடும். உன்னோடு வேலை பார்த்தவர்களெல்லாம் பூந்தமல்லி ரோட்டில் வீடு வாங்கிவிட்டார்கள், நீ சினிமாவுக்காக வீட்டை விட்டுப் போய் மூன்று பெண்களோடு ஒரு அறையில் பாய் விரித்துப் படுக்கிறாய். அதையெல்லாம் நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உன் அப்பா, "போட்டுக் குடுத்துடேன், பாவம், நல்லாத்தான எழுதியிருக்கா" என்று நாளைக்கு நாலு தரம் சொல்கிறார். நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். அதில்தான் எனக்குப் பயம். இந்தப் படம் ஓடிவிட்டால், நாளைக்கு எனக்கே கனல்மொழிதான் ஞாபகத்தில் நிற்பாள்.

அதனால் இப்படிச் செய். புதன்கிழமை இங்கே வராதே. வேலப்பன்சாவடியில் இறங்கி நூம்பலுக்குப் போ. அவளுக்கு அன்றைக்கு நைட் டியூட்டி, பகலில் வீட்டில்தான் இருப்பாள். அவள் எதிரில் உட்கார்ந்து, முறுக்குத் தின்ற அந்த மனிதருக்குச் சொன்ன மாதிரியே முழுக் கதையையும் சொல். ஒன்றும் குறைக்காதே, வாயால் வாசிக்கிற மேளம், வயலின் எல்லாமே இருக்கட்டும். டோக்கன் சீன் வரும்போது மோட்டுவளையைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல். என் வாயால் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள், உன் வாயால் கேட்கும்போது என்ன செய்கிறாள் என்று நீயே பார். சண்டை போட மாட்டாள். சோக்கா கீது பாப்பா என்பாள், டீ போட்டுக் கொடுப்பாள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாள். அதற்குப் பிறகும் கதைக்கு ஒருத்தி போதும் என்று உனக்குத் தோன்றினால், அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணு. பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நானே கிளம்பி வருகிறேன். அவள் கண் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போடுகிறேன்.